உங்களுக்குத் தெரியுமா? ஊதாமலே பாடும் அயர்லாந்துக் குழல்!

பேக்பைப் என்றதும் கன்னம் உப்ப ஊதும் ஸ்காட்லாந்துக்காரர்தானே ஞாபகத்துக்கு வருகிறார்? அயர்லாந்தின் இலியன் பைப்பை யாரும் வாயால் ஊதுவதே இல்லை! வலது முழங்கையால் துருத்தியை அமுக்க, இடது கை இடுக்கில் உள்ள பையில் காற்று நிரம்பும். வாசித்துக்கொண்டே பேசலாம், பாடலாம்!

விரல் வைத்து வாசிக்கும் குழலுக்கு சான்டர் என்று பெயர். சுமார் 36 செ.மீ. நீளம். விரல்களுக்கு 8 துளை. ஸ்காட்லாந்து பைப்பில் மொத்தமே 9 சுரம். இதிலோ முழுசாக 2 ஸ்தாயி!

உள்ளே பார்த்தால் ஊசிக் கூம்பு. விட்டம் மேல்முனையில் சுமார் 5 மி.மீ., அடியில் சுமார் 12 மி.மீ. கருமரத்தில் துளை போட்டதும் அப்படியே சீவி முடித்துவிட மாட்டார்கள். மரம் அசைந்து அடங்கட்டும் என்று மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் காயப்போடுவார்கள். அதன் பிறகுதான் துளையைச் சீவி அகலப்படுத்தும் ரீமர் உள்ளே போகும். மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் சுரம் காட்டிக்கொடுத்துவிடும்!

இனிதான் அசல் ஆச்சரியம். இவ்வளவு நுணுக்கமாகக் கடைந்த குழலைச் சுருதி சேர்க்கும் கருவி என்ன தெரியுமா? சதுப்பில் முளைக்கும் ஒரு கோரைத் தண்டு! சான்டரின் அடிவாய் வழியே உள்ளே செருகினால் காற்றுப் பாதை குறுகும். சில சுரங்கள் இறங்கும். எவ்வளவு தூரம் நுழைக்கிறோம் என்பதைப் பொறுத்து, இறங்கும் சுரமும் மாறும். கோரை கிடைக்காவிட்டால் டேப் சுற்றிய கம்பி. விலையுயர்ந்த வாத்தியத்துக்குள் ஒரு புல்!

அதோடு தேன்மெழுகு. விரல்துளையின் மேலோரத்தில் துளி ஒட்டினால் அந்தச் சுரம் இறங்கும். சுரண்டினால் ஏறும்!

சீவாளி நாணலில் சீவியது, இரட்டை நாக்கு. இடுப்பில் ஒரு செம்புப் பட்டை. அதை மயிரிழை நகர்த்தினால் போதும், குழல் முழுக்கக் குரல் மாறும்! அயர்லாந்தின் ஈரக்காற்றில் தேனாய்ப் பாடிய சீவாளி, அமெரிக்காவின் வறண்ட குளிர்காலத்தில் மூச்சடைத்துப் போவதுண்டு!

பக்கத்திலேயே 3 சுருதிக் குழல்கள் ஓயாமல் ‘டி’ சுரத்தை ஒலித்துக்கொண்டிருக்கும். அதோடு இழையவேண்டும் என்பதால், சான்டரின் ‘எஃப் ஷார்ப்’ பியானோவில் இருப்பதைவிட இறக்கமாக அமையும். எவ்வளவு? கிட்டத்தட்ட 14 சென்ட். ஒரு அரைச்சுரத்துக்கு 100 சென்ட்!

குழலின் அடிவாய்க்கு மூடி எது? வாசிப்பவரின் தொடை! தோல்துண்டு ஒன்றைப் போட்டு அதன் மேல் அழுத்துவார்கள். அழுத்தி, எல்லாத் துளையையும் மூடினால் ஒலியே நின்றுவிடும். சுரங்களைத் தனித்தனியாக வெட்டி வெட்டிப் போடும் வித்தை இப்படித்தான் பிறக்கிறது!

பழைய சான்டர்கள் ‘சி’, ‘பி’ எனத் தாழ்ந்த சுருதியில் மெல்லப் பேசியவை. அயர்லாந்தின் டிரோஹெடாவிலிருந்து அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவுக்குக் குடியேறிய டெய்லர் சகோதரர்கள் உள்துளையை அகலப்படுத்தினார்கள், விரல்துளைகளைப் பெரிதாக்கினார்கள். அமெரிக்க அரங்குகள் அதிர வேண்டுமே! இன்று உலகெங்கும் ஒலிக்கும் ‘கான்சர்ட் டி’ வகை அவர்கள் போட்ட பாதையில் வந்ததுதான்!

இலியன் பைப் மேதை ஷேமஸ் என்னிஸ் வாழ்நாளெல்லாம் வாசித்த பைப், டப்ளினில் மாரிஸ் காய்ன் செய்தது. என்னிஸின் அப்பா அதை வாங்கியது எங்கே? லண்டன் அடகுக்கடையில், ஒரு பை நிறைய உதிரித் துண்டுகளாக!