மூன்று சிவப்பு விளக்குகள்

தண்ணீர்த் தொட்டியில் ஒரு கிண்ணத்தை மிதக்க விட்டு, கூழாங்கற்களை ஒவ்வொன்றாக அதில் போட்டுப் பாருங்கள். கல் சேரச் சேரக் கிண்ணம் கீழே இறங்கும். கப்பலும் அவ்வாறே. நீர்மட்டத்திற்குக் கீழே கப்பல் அமிழ்ந்திருக்கும் அளவை மாலுமிகள் 'டிராஃப்ட்' என்பர். நிறைய எண்ணெய் ஏற்றிய பெருங்கப்பல் 20 மீட்டருக்கும் அதிகமாக அமிழ்வதுண்டு.

நடுக்கடலில் இதனால் தொல்லையில்லை. ஆழம் குறைந்த, குறுகலான வழிகளில்தான் சங்கடம். மலாக்கா நீரிணையும் அதை அடுத்த சிங்கப்பூர் நீரிணையும் அத்தகையவை. 1975 ஜனவரியில் 'ஷோவா மாரு' என்ற ஜப்பானிய எண்ணெய்க் கப்பல் சிங்கப்பூர் நீரிணையில் தரைதட்டி, எண்ணெய் கடலில் கொட்டியது. பெரிய எண்ணெய்க் கப்பல்கள் அவ்வழியே செல்லும்போது, கப்பலின் அடிப்பாகத்திற்கும் கடல்தரைக்கும் இடையே குறைந்தது 3.5 மீட்டர் நீர் இருக்க வேண்டும் என்பது விதி. ஏறக்குறைய ஒரு வகுப்பறையின் உயரம், அவ்வளவே!

இப்படிப்பட்ட கப்பல் ஆழமான பாதையை விட்டு எப்படி விலகும்? சட்டென்று நிற்கவும் அதனால் இயலாது. இதை எதிரே வருபவர் அறிய வேண்டாமா? அதற்கென்றே 1977 ஜூலை 15 முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுக் கடல் விதிகள் ஓர் அடையாளத்தை வகுத்தன. இரவில், வழக்கமான விளக்குகளோடு, எல்லாத் திசைகளிலும் தெரியும்படி ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று சிவப்பு விளக்குகள். பகலில் கறுப்பு நிற உருளை ஒன்று. மூடுபனியில், ஒரு நீண்ட ஊதலும் இரண்டு குறுகிய ஊதல்களும்.

பொதுவாக, விசைக் கப்பல்தான் பாய்மரப் படகுக்கு வழிவிட வேண்டும். இவ்வடையாளத்தைக் கண்டால் நிலைமை வேறு. பாய்மரப் படகும் மீன்பிடிப் படகுமே, சூழ்நிலை இடம் தருமாயின், அதன் பாதையை அடைக்காமல் ஒதுங்க வேண்டும். கட்டுப்பாடு இழந்த கப்பலுக்கும், தூர்வாருதல் போன்ற வேலையால் திரும்ப இயலாத கப்பலுக்கும் மட்டும் விலக்குண்டு.

அப்படியானால் பெரிய கப்பல் கடலுக்கு ராணியா? இல்லை. அது தனி எச்சரிக்கையுடன் செல்ல வேண்டும் என்று அதே விதி கூறுகிறது. மோதல் அபாயம் நேர்ந்தால் மற்ற விதிகளும் அதைக் கட்டுப்படுத்தும். உருவம் பெரிது என்பதற்காக விளக்கை ஏற்றிவிடவும் முடியாது. கீழே உள்ள நீரின் ஆழமும் அகலமும் போதாமையே காரணமாக இருக்க வேண்டும். சரக்கை இறக்கியபின் அதே கப்பல் கிண்ணம்போல மேலெழுந்துவிடும். அப்போது மூன்று விளக்குகளையும் அணைத்துவிட்டு, திறந்த கடலில் பாய்மரப் படகைக் கண்டால் அதுவே விலகிப் போக வேண்டும்.