பொதிகை மலைக் காணிக்காரர் அபிவிருத்தி: சில குறிப்புகள்

இலத்தூர் வட்டாரத்துக் குடியானவர்கள் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலையில் சாரல் விழுகிறதா என்று நாள்தோறும் நோக்குவது வழக்கம். மலையில் பெய்யும் மழையே அனுமன் நதியாகவும் சிற்றாறாகவும் இறங்கி நமது குளங்களை நிரப்பி, எஞ்சியது சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கின்றது. அந்த மழைநீரைத் தேக்கி மெல்ல விடுவது மலைக்காடு. அக்காட்டினுள் தலைமுறை தலைமுறையாய் வசித்து வரும் ஜனங்களின் நிலைமையையோ நாம் அதிகம் விசாரிப்பதில்லை.

இடமும் குடிகளும்

வாசுதேவநல்லூருக்கு மேற்கே தலையணைப் பக்கத்தில் பளியர்கள் வசிக்கின்றனர். தெற்கே பாபநாசத்துக்கு மேல், பொதிகை மலைச் சரிவில் காணிக்காரர் குடியிருப்புகள் உள்ளன. சேர்வலாறு, சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, இஞ்சிக்குழி என்பன அவற்றுட் சில. இவை 1988-இல் ஏற்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் எல்லையைச் சார்ந்தவை. மரச்சீனி, நல்லமிளகு, வாழை, கிழங்கு வகைகள் ஆகியன அவர்கள் பயிரிடுவன, தேனும் எடுப்பர். பாடுபடுவதில் அவர்கள் எவர்க்கும் குறைந்தவரல்லர். அவர்தம் குறை மூன்று: வழி, உரிமை, விலை.

வழி

காரையாற்றில் 1940-களில் அணை எழுந்தபின், இஞ்சிக்குழியார் நீர்த்தேக்கத்துக்கு அப்புறமாயினர். படகில் கடந்தும் காட்டில் நடந்துமே கீழே வரவேண்டும். காப்பகத்தினுள் அகன்ற பாதை வெட்டுதல் காட்டுக்குக் கேடு. ஆகவே, பாதையைப் பெருக்குவதைக் காட்டிலும் சுமையைக் குறைப்பதே தக்க உபாயம்.

பச்சை மரச்சீனிக் கிழங்கு தோண்டிய இரண்டு மூன்று நாட்களில் கெடத் தொடங்கும். அதனைத் தோல் சீவி, வில்லைகளாய் அரிந்து, நன்கு உலர்த்தினால் எடை ஏறக்குறைய மூன்றிலொன்றாகும்; மாதக்கணக்கில் இருக்கும். மிளகும் அவ்வாறே. கொத்தில் ஒன்றிரண்டு மணிகள் சிவக்கும்போது பறித்து, உதிர்த்து, கொதிநீரில் ஒரு நிமிஷம் முக்கி, சுத்தமான பாயில் வெயிலில் காய வைத்தால் ஒரே சீரான கறுப்பு நிறம் உண்டாகும். 100 கிலோ பச்சை மிளகு சுமார் 33 கிலோ உலர்ந்த மிளகாகும். தேனை அடையோடு பிழியாது, தேனுள்ள பாகத்தை மாத்திரம் அறுத்து வடியவிட்டால் தேன் சுத்தமாயிருப்பதோடு, புழுக்கள் உள்ள பாகமும் பிழைத்துக்கொள்ளும்.

உரிமை

2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே பயிரிட்டு அநுபவித்து வரும் பழங்குடியினர், நான்கு ஹெக்டேருக்கு மேற்படாத நிலத்துக்கு உரிமைப் பத்திரம் பெறலாம். அது கணவன் மனைவி இருவர் பேரிலும் எழுதப்படும், வாரிசுக்குச் செல்லும், விற்கக் கூடாது. தேன், மூங்கில், கிழங்கு முதலிய சிறு வனப்பொருள்களின் மேலும் உரிமை உண்டு. நமது மாகாணத்தில் நீதிமன்ற உத்தரவால் 2008 முதல் தடைப்பட்டிருந்த பத்திர வழங்கல், 2016-இல் அத்தடை நீங்கியபின்னரே நடைபெறலாயிற்று.

உரிமையின்றி அறிவு மாத்திரம் பயன் தராது என்பதற்கு மலைக்கு அப்பாற்பட்ட திருவனந்தபுரம் பக்கத்துச் சம்பவம் ஒன்று சான்று. ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகை களைப்பை நீக்குவதை 1987-இல் ஆராய்ச்சியாளருக்குக் காட்டியவர் அங்குள்ள காணிக்காரரே. அதினின்றும் செய்த மருந்தின் உரிமத் தொகையில் பாதி அவர்களுக்கென ஒதுக்கப்பட்டு, 1997-இல் ஒரு தருமநிதியும் ஏற்பட்டது. எனினும், காட்டிலிருந்து அவ்விலையை எடுத்து விற்கும் அநுமதி எளிதில் கிடைக்காமையால் வருமானம் எதிர்பார்த்தபடி பெருகவில்லை.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

1. வன உரிமை மனுவுக்கு எழுத்து ஆவணம் ஒன்றே வேண்டுமென்பதில்லை. மூத்தோர் வாக்குமூலமும், பழைய மரம், கிணறு, இடுகாடு போன்ற அடையாளங்களும் சான்றாகும். ஒன்றுக்கு மேற்பட்ட சான்று இருத்தல் நலம். மனுவை முதலில் ஏற்று ஆராய்வது கிராம சபையே.

2. காணிக்காரர் என்னும் வகுப்பு, பழங்குடிப் பட்டியலில் குறிப்பிட்ட ஜில்லா, தாலுகாக்களுக்கே வரையறுக்கப்பட்டுள்ளது. செங்கோட்டையும் அவற்றுள் ஒன்று. ஆதலால் ஜாதிச் சான்றிதழ் கோருவோரின் பூர்வீக இடத்தைப் பொறுமையாய் விசாரித்தறிய வேண்டும். சான்றிதழ் தாமதித்தால் பிள்ளையின் படிப்பு நின்றுபோகும்.

நிலமுடையோருக்கு

மலையிலிருந்து ஒரு நாள் நடந்து வந்தவர், விற்காத மிளகைத் திரும்பச் சுமந்து செல்ல மாட்டார். இதை அறிந்தே சிலர் நிறையிலும் விலையிலும் குறைக்கின்றனர். கடை விலையைச் சொல்லி, சரியான தராசில் நிறுத்து வாங்குவது தருமம் மாத்திரமன்று, நமக்கு லாபமும் ஆகும். நியாயமான விலை பெற்ற மலைக்குடி காட்டிலேயே நிலைத்து வாழும். காட்டுத் தீயையும் திருட்டு வெட்டையும் முதலில் காண்பவர் அவரே. அவர் நிலை தாழ்ந்தால், கேடு நாளடைவில் நமது மடைக்கும் வந்து சேரும்.