மைக் கிடையாது, பாதி நேரம் பாட்டும் கிடையாது... சோப்ரானோ மேடையில் என்னதான் செய்கிறார்?

பாளையங்கோட்டையில் ஏதாவது ஒரு சர்ச் கொயர் பிராக்டீஸுக்குப் போய், "சோப்ரானோ யாரெல்லாம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஆறேழு பொண்ணுங்க கை தூக்குவாங்க. ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று மற்ற மூன்று குரல்களுக்கும் ஆள் இருக்கும். ஊசிக்கோபுரம் என்று நாம் கூப்பிடும் பேராலயமே 1826-ல் கட்டியது. தாமிரபரணிக் கரைக்கு இந்தச் சொல் ஒன்றும் புதுசில்லை.

ஆனால், அதே சொல் 'சோப்ரானோ சோலோ' என்று ஒரு டிசம்பர் கச்சேரி போஸ்டரில் வந்தால் குழம்பிவிடுகிறோம். "கண்ணாடி டம்ளர் உடையுற மாதிரி கத்துவாங்களே, அதுவா?"

அது இல்லை. பெண் குரல்களில் மிக உயரத்தில் பாடும் குரலுக்குத்தான் சோப்ரானோ என்று பெயர். ஓபராவில் அந்தக் குரல் வேஷம் கட்டி நடிக்கும். 'ஆரட்டோரியோ' என்ற பக்தி இசையில் வேஷமும் இல்லை, நடிப்பும் இல்லை. கையில் இசைப் புத்தகத்தோடு நின்று பாடுவார்கள், அவ்வளவுதான். கோயில் சந்நிதியில் ஓதுவார் தேவாரம் பாடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓதுவாரை யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை, பாட்டைத்தான் கேட்கிறோம். 2005-ல் இளையராஜா, புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை வைத்து திருவாசகத்துக்கு இசையமைத்தாரே, அதைக் கேட்டவர்கள் ஆரட்டோரியோ என்ற பெயர் தெரியாமலேயே அந்த ஏரியாவுக்குள் போய் வந்தவர்கள்தான்.

முதல்முறை போகிறவர்களை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. போஸ்டரில் பெரிய எழுத்தில் பெயர் போட்டிருக்கும். மேடையில் அந்தப் பாடகி சும்மா உட்கார்ந்திருப்பார்! ஹேண்டலின் 'மெசையா'வில் டெனர், பேஸ், ஆல்ட்டோ எல்லாரும் பாடி முடித்து, அரை மணி நேரத்துக்கும் மேல் ஆன பிறகே வழக்கமாக சோப்ரானோ எழுவார். மேய்ப்பர்களுக்குத் தேவதூதன் சேதி சொல்லும் இடம் அது. அதுவரை கேட்காத ஒரு குரல் அங்கே திடீரென வரும்போதுதான், ஏன் இவ்வளவு நேரம் காக்க வைத்தார் என்பது புரியும். பீத்தோவனின் 9-வது சிம்பொனியில் இன்னும் மோசம். முதல் மூன்று பகுதிகளில் பாட்டே இல்லை. நான்காவதில்தான் வாய் திறக்க முடியும். 1824-ல் வியன்னாவில் அது அரங்கேறியபோது அப்படிக் காத்திருந்த சோப்ரானோ ஹென்ரியட் சொன்டாக்குக்கு வயது 18. நம்ம ஊரில் பிளஸ் டூ முடிக்கிற வயசு! மாலரின் 4-வது சிம்பொனியிலும் பாட்டு கடைசிப் பகுதியில் மட்டும்தான்.

சரி, மைக் இல்லாமல் அத்தனை வயலின்களைத் தாண்டி ஒரே குரல் எப்படிக் கடைசி வரிசைக்கு வருகிறது? எனக்கு இதுதான் தீராத ஆச்சர்யம். வீட்டில் ஒரு காலிக் குடத்துக்குள் 'ஊ' என்று கீழிருந்து மேலே பாடிப் பாருங்கள். ஏதோ ஒரு சுருதியில் குடமே கூடச் சேர்ந்து பாடும். சோப்ரானோவுக்குக் குடம் என்பது அவருடைய வாயும் தொண்டையும்தான். உயரப் போகப் போக, தாடையை இறக்கி, வாயை அகலமாக்கி, பாடுகிற சுருதிக்கே அந்தக் குடத்தைப் பொருத்திவிடுகிறார். அதிகம் கத்தாமலேயே சத்தம் கூடுகிறது. ஆர்கெஸ்ட்ராவின் பலம் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும். இவரோ 'ஹை சி' தொடும்போது 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டிவிடுவார். கூட்டம் குறைந்த சாலையில் வண்டி ஓட்டுவது மாதிரி.

இதற்கு ஒரு விலை உண்டு. அந்த உயரத்தில் ஆ, ஈ, ஊ எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கும். "ஒரு வார்த்தையும் புரியலையே" என்றால் தப்பு உங்கள் காதில் இல்லை. பாடல் வரிகளை முன்னாடியே போனில் படித்துவிட்டுப் போங்கள்.

இந்தியாவிலிருந்து இந்த உலகத்துக்குள் போனவர்களில் முக்கியமானவர், மும்பையில் பிறந்த பாட்ரிசியா ரொசாரியோ. லண்டனில் படித்தவர். பிரிட்டிஷ் இசையமைப்பாளர் ஜான் டாவெனர் இவர் குரலுக்காகவே 30-க்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதினார். 2003-ல் லண்டன் டெம்பிள் சர்ச்சில் ராத்திரி முழுக்க, சுமார் 7 மணி நேரம் நடந்த டாவெனரின் பக்தி இசை நிகழ்ச்சியிலும் இவர்தான் சோப்ரானோ. பிறகு இந்தியாவுக்கு வந்து வந்து இளம் குரல்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்.

நெல்லையில் என்ன நடக்கிறது? டிசம்பர் வந்தால் ராத்திரி ராத்திரியாக கேரல் ரவுண்ட்ஸ். பனி, கீபோர்டு சத்தம், ஆளுக்கொரு மைக் கிடைக்காத கோபம். எல்லாம் சேர்ந்து சோப்ரானோ பொண்ணுங்க கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார்கள். கிறிஸ்துமஸ் காலையில் "வாய்ஸ் போயிருச்சுக்கா" என்பதை மெடல் மாதிரி சொல்கிறோம். மெடல் இல்லை அது. திரும்பத் திரும்ப இப்படிச் செய்தால் குரல்நாண்களில் சின்னச் சின்ன முடிச்சுகள் வரலாம். தனியாகப் பாட வேண்டிய குரல், கூட்டத்திலேயே தேய்ந்துவிடும். பாடுவதற்கு முன் பத்து நிமிடம் மெதுவாகக் குரலைச் சூடேற்றுங்கள். அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். வலித்தால் நிறுத்திவிடுங்கள். கரகரப்பு மூணு வாரம் தாண்டினால் காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பாருங்கள். எங்கள் வீட்டுப் பாட்டிகள் சொல்லும் பனங்கற்கண்டு இதமாக இருக்கும், ஆனால் முடிச்சைக் கரைக்காது.

முறையாகக் கற்க வேண்டுமென்றால்? மாவட்ட அரசு இசைப்பள்ளியில் வாய்ப்பாட்டும் தேவாரமும் சொல்லித் தருகிறார்கள், மேற்கத்தியக் குரல் பயிற்சி அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை. சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரியில் இருக்கிறது. ஆனால், அது 600 கிலோமீட்டருக்கு அப்பால். நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு முழு ராத்திரி. பொண்ணைத் தனியாக அனுப்ப வேண்டும், ஹாஸ்டலுக்குப் பணம் கட்ட வேண்டும். 'பாட்டுக்காகவா?' என்று கேட்கும் வீடுகள்தான் இங்கே அதிகம். பெரும்பாலான சோப்ரானோக்கள் கொயரின் முன்வரிசையைத் தாண்டாமல் போவது குரல் இல்லாததால் இல்லை.

கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். ஒரு பகுதி முடிந்ததும் உடனே கை தட்டாதீர்கள், கண்டக்டர் கையை முழுசாக இறக்கி, நம் பக்கம் திரும்பட்டும். அப்புறம், 'மெசையா'வை முழுசாகப் பாடுகிறார்கள் என்றால் நமக்கெல்லாம் மனப்பாடமான அல்லேலூயா கோரஸ் முடிந்ததும் பைக் சாவியைத் தேடாதீர்கள். அது இரண்டாம் பாகத்தின் முடிவுதான். மூன்றாம் பாகம் தொடங்குவதே சோப்ரானோவின் தனிப்பாட்டோடு. அத்தனை பெரிய ஆரவாரம் அடங்கி, நாலைந்து வயலின் மட்டும் மெதுவாக ஆரம்பிக்க, அவர் எழுந்து நிற்பார்.