வீட்டு அலுவலகம் இலவசமல்ல

பிரதான வீதியில் கடையொன்றை எடுப்பதென்றால் முற்பணம், வாடகை என்று பெருந்தொகை போய்விடுகிறது. அதனால் தையல் ஓடர், மொழிபெயர்ப்பு, இணையவழி விற்பனை என்று வீட்டிலிருந்தே தொழில் செய்வோர் எமது பிரதேசத்தில் பெருகியுள்ளனர். 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது பலருக்கு வேறு வழியும் இருக்கவில்லை. சிறு வியாபாரிகளின் கணக்குகளை வீட்டிலிருந்தே எழுதிவருபவன் என்ற வகையில், நான் கண்டறிந்த சில விடயங்களைக் கூற விரும்புகிறேன்.

முதலாவது இடம். காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊர்களில் பெண்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தே வளவுகள் சுருங்கிவிட்டன. தனியறை எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் தனி மூலையொன்று அவசியம். சாப்பாட்டு மேசையில் வேலை செய்தால் மூன்று வேளையும் அலுவலகத்தைச் சுருட்டி விரிக்க வேண்டிவரும். ஓர் அலுமாரியைக் குறுக்கே வைத்தாலே மறைப்புக் கிடைத்துவிடும்.

திசையையும் கவனியுங்கள். எமக்கு மேற்கே வாவி, கிழக்கே கடல். ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக வீசும். பின்னேர வெயிலும் அப்பக்கமே. எனவே கிழக்குப் பக்க மூலையே உகந்தது. யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். முதுகுப் பக்கம் யன்னல் இருந்தால் கணினித் திரை கண்ணாடிபோல் மினுங்கும்.

மேசையை விடக் கதிரைக்கே அதிகம் செலவிடுங்கள். பாதங்கள் நிலத்தில் படிய வேண்டும். முழங்கை மேசை மட்டத்தில் இருக்க வேண்டும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில், ஒரு கை தூரத்தில் இருக்க வேண்டும். லெப்டொப் பாவிப்போர் அதனைப் புத்தகங்களின் மேல் உயர்த்திவைத்து, வேறொரு விசைப்பலகையை இணைத்துக்கொண்டால் கழுத்து வலி குறையும்.

அடுத்தது மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். சாதாரண யூ.பி.எஸ். செய்த வேலையைச் சேமித்து, கணினியை ஒழுங்காக நிறுத்துவதற்கான சில நிமிடங்களையே தரும். தொடர்ந்து வேலை செய்ய லெப்டொப்பே உதவும். ரவுட்டருக்கும் சிறிய பெற்றரியொன்று வேண்டும். உப்புக்காற்று பிளக்குகளை அரிக்கும். அவற்றை இடைக்கிடையே பரிசோதியுங்கள். இடி மின்னலின்போது இணைப்புகளைக் கழற்றிவிடுங்கள்.

2011 ஜனவரியில் மட்டக்களப்பு கண்ட வெள்ளமும் ஒரு பாடமே. கணினிப் பெட்டியையும் வயர்களையும் நிலத்தில் வைக்காதீர்கள். உறுதிப்பத்திரம், காசோலைப் புத்தகம், கணக்கேடுகள் யாவும் மேல்தட்டில் நீர்புகாத உறையில் இருக்கட்டும்.

இவற்றைவிட முக்கியமானது கணக்கு. வீட்டில் தொழில் செய்வோர் பலரும் இடத்துக்குச் செலவில்லை என்றே எண்ணுகின்றனர். உதாரணமாக, மாதம் 30,000 ரூபா மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். இடத்துக்கு 5,000, மின்சாரத்துக்கும் இணையத்துக்கும் 3,000 எனக் கழித்தால் உண்மை இலாபம் 22,000 தான். இதைக் கழிக்காமல் விலை குறிப்பவர், தான் உழைப்பதாக நினைத்துக்கொண்டு வீட்டுக் காசில் வாடிக்கையாளருக்குக் கழிவு கொடுக்கிறார். பின்னர் கடையொன்றுக்கு மாறும்போது அந்த விலையில் தாக்குப்பிடிக்கவும் முடியாது.

எமது பகுதியில் வீடு பெரும்பாலும் மனைவியின் சீதனம். அவருடைய பெற்றோர் வியர்வை சிந்திக் கட்டிய வீடு. அதன் ஒரு மூலையைத் தொழிலுக்கு எடுக்கும் கணவர் அவரிடம் சம்மதம் கேட்பதும், மாத வாடகையைக் கணக்கில் எழுதி அவர் கையில் கொடுப்பதும் முறையாகும். மனைவி தொழில் செய்பவராயின் அந்தத் தொகையை அவர் தன் பெயரில் சேமிக்கட்டும். குடும்பச் செலவில் கரைய விடக்கூடாது.

தொழிலைப் பிரதேச செயலகத்தில் பதிவுசெய்து, அதன் பெயரில் வங்கிக் கணக்கொன்றைத் திறந்துவிட்டால் வீட்டுக் காசும் தொழில் காசும் கலக்காது. மேசையும் கதிரையும் பிறகு வாங்கலாம். முதலில் ஒரு கணக்குக் கொப்பியை வாங்கி, இந்த மாத வாடகையை எழுதுங்கள்.