மெமரி கார்டின் வேகத்தைக் கண்டறிவது யார்?

எஸ்டி கார்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்கள் வாங்குபவருக்கானவை. வட்டத்துக்குள் 10 என்றிருந்தால் நொடிக்குக் குறைந்தது 10 மெகாபைட் வீதம் தொடர்ந்து எழுதும் என்று பொருள்; யு3, வி30 என்றால் 30 மெகாபைட். ஆனால் கார்டைச் செருகிய பிறகு அதற்கும் கணினிக்கும் இடையே தரவு எந்த வேகத்தில் போய்வரும் என்பதை முடிவு செய்வது இயங்குதளத்தில் உள்ள டிரைவர். அது கார்டின் திறனைத் தவறாகக் கணித்தால் பெரும்பாலும் பிழைச் செய்தி எதுவும் வராது. கோப்புகள் ஒழுங்காகத் திறக்கும். வேகம் மட்டும் நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வேலை நடக்கிறதே என்று இதைச் சிறு குறையாக ஒதுக்குவது தவறு. வேகத்தை ஊகித்துக்கொள்ளும் டிரைவர் பழுதான டிரைவர்தான்; கேட்டு, சோதித்து, முடிவைச் சொல்வதே அதன் கடமை.

கணினியும் கார்டும் முதலில் 400 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்படாத வேகத்தில்தான் பேசிக்கொள்கின்றன. அப்போது கார்டு தன் விவரங்கள் அடங்கிய சிஎஸ்டி என்ற பதிவேட்டைத் தருகிறது. அதில் வேகத்துக்கான இடத்தில் 25 மெகாஹெர்ட்ஸ் என்றிருக்கும். எவ்வளவு வேகமான எஸ்டி கார்டானாலும் தொடக்கத்தில் இதையே காட்டும். அந்த எண் குறிப்பது அப்போதைய நிலையின் உச்சத்தை மட்டுமே. அதை நம்பி நின்றுவிட்டால் நொடிக்கு 12.5 மெகாபைட்டைத் தாண்ட முடியாது. முழுத் திறனை அறிய ஆறாம் எண் கட்டளையை அனுப்பிக் கேட்க வேண்டும். பதிலாக 64 பைட்டுகள் வரும். அவற்றுள் பதினான்காவது பைட்டில் ஒவ்வொரு வேக நிலைக்கும் ஒரு பிட் உண்டு. 50 மெகாஹெர்ட்ஸ் நிலையில் 25 மெகாபைட், 208 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எஸ்டிஆர்104 நிலையில் 104 மெகாபைட் என்று உச்சவரம்பு ஏறிக்கொண்டே போகும்.

கேட்டுப் பெற்ற பதிலும் சில நேரம் ஏமாற்றும். லினக்ஸ் டிரைவரில் திருத்தப்பட்ட ஒரு பழுது இதற்கு நல்ல சான்று. எஸ்டிஆர்104 போன்ற அதிவேக நிலைகளுக்குக் கார்டின் சமிக்ஞை மின்னழுத்தம் 3.3 வோல்ட்டிலிருந்து 1.8 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும். இறங்கிய கார்டு, மின்சாரத்தைத் துண்டித்தால் ஒழியப் பழைய நிலைக்குத் திரும்பாது. பல சர்க்யூட் போர்டுகளில் கணினியை ரீபூட் செய்தாலும் கார்டுக்குப் போகும் மின்சாரம் அறுபடுவதில்லை. புதிதாக எழுந்த கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, 1.8 வோல்ட்டுக்கு மாறத் தயாரா என்று கேட்கும். ஏற்கெனவே மாறிவிட்ட கார்டு, எஸ்டி தரவரையறைப்படி, மாற வேண்டியதில்லை என்ற பொருளில் பூஜ்யம் என்று பதில் தரும். அதை டிரைவர் ‘இந்தக் கார்டால் இயலாது’ என்று எடுத்துக்கொண்டு 25 மெகாபைட்டில் அமர்ந்துவிடும். 32 ஜிபி தரவைப் படிக்க, உச்சவரம்பின்படி ஐந்து நிமிடம் போதும் என்ற இடத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். திருத்தம் எளிமையானது. கார்டு 3.3 வோல்ட்டில் இருந்தால் அதே பதினான்காவது பைட்டில் அதிவேக நிலைகளுக்குரிய மூன்று பிட்டுகளும் பூஜ்யமாகவே இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று உயர்ந்திருந்தாலே கார்டு முன்பே மாறிவிட்டது என்று பொருள். டிரைவர் இப்போது அதைப் பார்த்துத் தன் பக்கத்து மின்னழுத்தத்தையும் இறக்கிக்கொள்கிறது. அது பலிக்காவிட்டால் கார்டின் மின்சாரத்தை நிறுத்திப் போட்டு முதலிலிருந்து தொடங்குகிறது.

மெதுவாக ஓடுவதே தரவுக்குப் பாதுகாப்பு என்று சிலர் வாதிடலாம். 208 மெகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பின் நீளம் ஐந்து நானோநொடிக்கும் குறைவு. சமிக்ஞையைச் சற்றுத் தவறிய கணத்தில் படித்தாலும் தரவு கெடும் என்பது மெய். ஆனால் அதற்கான காப்பு தரவரையறையிலேயே இருக்கிறது. பத்தொன்பதாம் எண் கட்டளைக்குக் கார்டு 64 பைட் கொண்ட ஒரு மாதிரித் தரவை அனுப்பும். படிக்கும் கணத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, மாதிரி பிசகாமல் வரும் இடத்தைத் தேர்ந்துகொள்ளலாம். அதன் பிறகும் ஒவ்வொரு தரவுத் தொகுதியோடும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் வருகிறது. கார்டுகளே பொய் சொல்வதுண்டே என்பது இன்னொரு மறுப்பு. குறைபாடுள்ள கார்டுகளைத் தனியே பட்டியலிட்டு வேறு விதமாகக் கையாளும் ஏற்பாடு லினக்ஸில் இருக்கிறது. சில கார்டுகளுக்காக எல்லாவற்றையும் தண்டிக்க வேண்டியதில்லை. ராஸ்பெரி பை 3 போன்ற போர்டுகளில் கார்டுக்கு 3.3 வோல்ட் மட்டுமே உண்டு. அங்கே 25 மெகாபைட் உச்சம்தான் சரியான விடை. வேகம் குறைந்தது போர்டினாலா, கார்டினாலா, மென்பொருளினாலா என்பதைப் பயனாளர் தாமாகக் கண்டுபிடிக்க இயலாது. டிரைவர்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே டிரைவர் எழுதுவோர் வேகத்தைக் குறைக்கும் ஒவ்வொரு இடத்திலும் காரணத்தைக் கெர்னல் பதிவில் ஒரு வரியாவது எழுதி வைக்க வேண்டும். லினக்ஸ் பயன்படுத்துவோர், கார்டு மெதுவாக இருக்கிறது என்று புதிதாக ஒன்றை வாங்கும் முன் அந்தப் பதிவைத் திறந்து, கார்டு எந்த நிலையில் இணைந்தது என்று பார்க்க வேண்டும். ரீபூட்டுக்குப் பின் வேகம் குறைந்து, மின்சாரத்தை முழுமையாக நிறுத்திப் போட்டதும் மீண்டுவிட்டால், பழுது கார்டில் இல்லை.