சிக்கனம் சொன்னவர் கையை விரித்த நாள்

2022 மார்ச். பிரிட்டனில் குளிர் இன்னும் விட்டபாடில்லை. மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் கம்பெனிகள் எவ்வளவு வாங்கலாம் என்ற உச்சவரம்பை அங்கே ‘ஆஃப்ஜெம்’ என்ற ஒழுங்குமுறை அமைப்பு வைக்கிறது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அது ஒரே தாவலில் 54 சதவீதம் ஏறும் என்றும், சராசரி வீடு ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,971 பவுண்டு ஆகும் என்றும் அறிவித்துவிட்டார்கள். அந்த நாட்களில்தான் மார்ட்டின் லூயிஸ் பிபிசி தொலைக்காட்சியில் வந்து உட்கார்ந்தார். பில்லைக் குறைக்க இருபது வருடமாக மக்களுக்கு வழி சொல்லி வந்தவர் அவர். தன்னிடமிருந்த உபாயங்கள் அநேகமாகத் தீர்ந்துவிட்டன, இனி அரசாங்கம்தான் இறங்கி வர வேண்டும் என்று அன்று வெளிப்படையாகச் சொன்னார்.

கம்பெனியை மாற்றுங்கள், பழைய ஒப்பந்தத்தை விடுங்கள், பேரம் பேசுங்கள் என்று சொல்லிச் சொல்லியே பெயரும் பணமும் சேர்த்தவர் அவர். அப்படிப்பட்டவர் கையை விரித்தால் பார்ப்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் செய்ததிலெல்லாம் பெரிய காரியம் இதுதான் என்பேன்.

லூயிஸ் 1972-ல் மான்செஸ்டரில் பிறந்தவர். பன்னிரண்டாவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் இருக்கும்போது தாயை விபத்தில் பறிகொடுத்தார். அதன்பின் பல ஆண்டுகள் பள்ளிக்கூடம் போவதைத் தவிர வீட்டைவிட்டு வெளியே போகவே மனம் வரவில்லை என்று பிற்பாடு பேட்டிகளில் கண்கலங்கச் சொல்லியிருக்கிறார். பெற்றவரை இழந்த பிள்ளைகளுக்காக நடக்கும் தொண்டு அமைப்புகளுக்கு அவர் அள்ளிக் கொடுப்பதன் வேர் அங்கேதான் இருக்கிறது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் படித்தார். கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ஒலி, ஒளிபரப்பு இதழியல் கற்றார். சிறிய சாட்டிலைட் சேனல் ஒன்றில் ‘பணம் மிச்சம் பிடிக்கும் நிபுணர்’ என்ற பட்டத்தோடு திரையில் தோன்றினார். சேனல் மூடிப்போனது, பட்டம் மட்டும் அவரோடு தங்கிவிட்டது.

2003 பிப்ரவரியில், சுமார் 100 பவுண்டு செலவில் ‘மணி சேவிங் எக்ஸ்பர்ட்’ என்ற இணையதளத்தைத் தொடங்கினார். அது சம்பாதித்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எந்தக் கிரெடிட் கார்டு நல்லது, எந்தச் சேமிப்புக் கணக்கில் வட்டி அதிகம் என்று அலசி, முதலில் கட்டுரையை எழுதி முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான், பரிந்துரைத்த பொருளுக்குக் கமிஷன் தரும் இணைப்பு உண்டா என்று தேடுவார்கள். இருந்தால் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு வாசகருக்குச் சொல்லிவிடுவார்கள். கமிஷன் வராத இணைப்பையும் கூடவே கொடுப்பார்கள். கமிஷனே கிடைக்காத பொருள் சிறந்ததாக இருந்தால் முதலிடம் அதற்குத்தான். லூயிஸ் எந்த நிறுவனத்தின் விளம்பரத்திலும் நடிப்பதில்லை. வாங்குபவன் பக்கம் நின்றுகொண்டே விற்பவனிடம் காசு வாங்குவது கயிற்றின் மேல் நடப்பது போல. இவர் அதில் நடந்து காட்டினார்.

சிக்கனக் குறிப்பு போராட்டமாக மாறியது வங்கி அபராதத்தில். கணக்கில் இருப்புக்கு மேல் சில பவுண்டு எடுத்துவிட்டால் 30 பவுண்டுக்கும் மேல் பிடுங்குவது அன்று பிரிட்டிஷ் வங்கிகளின் வழக்கமாக இருந்தது. ‘இந்த அபராதம் நியாயமற்றது, ஆறு வருடத்துக்கு உண்டானதைத் திருப்பிக் கொடு’ என்று கேட்கும் கடிதத்தின் மாதிரியை லூயிஸ் தன் தளத்தில் இலவசமாக வைத்தார். மக்கள் லட்சக்கணக்கில் அதை எடுத்துத் தங்கள் பெயரை நிரப்பி அனுப்பினார்கள். பலருக்குப் பணம் திரும்பியது. கடைசியில் 2009 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வங்கிகளின் பக்கம் தீர்ப்பளித்தது. அது தோல்விதான். ஆனால் வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் வங்கிக்கு எதிராகக் கடிதம் எழுதிப் பழகிவிட்டார்கள்.

அந்தப் பழக்கம் அடுத்த சண்டையில் கைகொடுத்தது. கடன் வாங்க வந்தவர்களின் தலையில், வேலை போனால் தவணை கட்டும் என்று சொல்லி ஒரு இன்ஷூரன்ஸைக் கட்டியிருந்தார்கள். சொந்தத் தொழில் செய்பவர், ஓய்வு பெற்றவர் என்று, அதனால் ஒரு பைசா பயனும் பெற முடியாதவர்களிடமும் விற்றிருந்தார்கள். 2011-ல் வங்கிகள் உயர் நீதிமன்றத்தில் தோற்றன. பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க 2019 ஆகஸ்ட் 29 கடைசி நாளாக இருந்தது. மொத்தத்தில் வங்கிகள் திருப்பிக் கொடுத்தது ஏறத்தாழ 3,800 கோடி பவுண்டு. நுகர்வோர் அமைப்புகளும் ஒழுங்குமுறை அதிகாரிகளும் பாடுபட்டு வந்த பணம் அது. ஒரு மனிதரின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் வாங்கித் தருகிறோம் என்று வந்து பெரும் பங்கை அமுக்கிக்கொண்ட இடைத்தரகர்களுக்கு நடுவே, ‘நீங்களே எழுதுங்கள், காசு கொடுக்காதீர்கள்’ என்று தொண்டை வறளக் கத்தியவர் இவர்.

2012-ல் அந்தத் தளத்தை ‘மணி சூப்பர்மார்க்கெட்’ நிறுவனத்துக்கு விற்றார். ரொக்கம், பங்குகள், நிபந்தனைப்படி பிறகு வருவது எல்லாம் சேர்த்து 8.7 கோடி பவுண்டு வரை விலை. அதில் 1 கோடி பவுண்டைத் தொண்டுக்கு ஒதுக்கினார். வாங்கியதோ கமிஷனில் வாழும் விலை ஒப்பீட்டுக் கம்பெனி. நம்பி வந்தவர்களை விற்றுவிட்டாரா என்று அன்று கேட்டவர்களைத் தப்பு சொல்ல முடியாது. ஆசிரியர் குழுவின் சுதந்திரத்துக்கான விதிகளை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்து அதற்குப் பதில் சொன்னார் லூயிஸ். அதே ஆண்டு ஐடிவி தொலைக்காட்சியில் அவர் பெயரிலேயே பண நிகழ்ச்சி தொடங்கியது.

விளம்பரத்துக்கு வராத முகம் என்பதாலேயே திருடர்களுக்கு அது தேவைப்பட்டது. அவர் படத்தைப் போட்டு ஃபேஸ்புக்கில் போலி முதலீட்டு விளம்பரங்கள் குவிந்தன. அவரை நம்பிச் சேமிப்பைப் போட்டவர்கள் இழந்தார்கள். 2018 ஏப்ரலில் ஃபேஸ்புக் மேல் அவதூறு வழக்குப் போட்டார். 2019 ஜனவரியில் சமரசம் ஆனது. தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. மோசடிக்கு ஆளானவர்களுக்கு உதவும் திட்டம் ஒன்றுக்காக ‘சிட்டிசன்ஸ் அட்வைஸ்’ அமைப்புக்கு 30 லட்சம் பவுண்டு மதிப்புள்ள உதவியை ஃபேஸ்புக் தர வேண்டியதாயிற்று. திருட்டு அதோடு நிற்கவில்லை. 2023-ல் அவர் முகமும் குரலும் அச்சு அசலாக, ஈலான் மஸ்க்கின் முதலீட்டுத் திட்டம் என்று பேசும் டீப்ஃபேக் வீடியோவே வந்துவிட்டது.

அதிகம் பேசப்படாத ஒரு வேலையைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. கடனும் மனநோயும் ஒன்றையொன்று இழுத்து வருவதைப் பார்த்து, 2016-ல் அதற்கென்றே ஓர் ஆய்வு அமைப்பைத் தொடங்கினார். மனநோயாளி ஒருவர், கடன் கொடுத்தவர்களிடம் அவகாசம் கேட்க மருத்துவரிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. சில மருத்துவர்கள் அதற்கு 150 பவுண்டு வரை கட்டணம் கேட்டார்கள். கடனில் மூழ்கியவன், தனக்கு மனநோய் இருக்கிறது என்று காட்ட இன்னும் காசு தேட வேண்டும்! அந்த அமைப்பு விடாமல் போராடியதில் 2019-ல் இங்கிலாந்தில் அந்தக் கட்டணம் நின்றது.

2022-க்குத் திரும்புவோம். உக்ரைன் போரால் எரிவாயு விலை எகிற, அக்டோபர் உச்சவரம்பு 3,549 பவுண்டு என்று ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. உதவி வராவிட்டால் இந்தக் குளிர்காலத்தில் உயிர்கள் போகும் என்று லூயிஸ் எச்சரித்தார். செப்டம்பர் 8-ம் தேதி, சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு 2,500 பவுண்டு என்று கட்டுப்படுத்துவதாக அரசு அறிவித்தது. ஒரு வருடத்துக்கு முந்தைய 1,277 பவுண்டின் ஏறக்குறைய இரு மடங்கு அது. 2,500-க்கு மேல் யாருக்கும் பில் வராது என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். லூயிஸ் மறுபடியும் திரைக்கு வந்தார். கட்டுப்படுத்தியிருப்பது யூனிட் விலையைத்தான், மொத்த பில்லை அல்ல. அதிகம் எரித்தால் அதிகம் கட்ட வேண்டும் என்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் மறுபடி மறுபடி விளக்கிக்கொண்டிருந்தார்.