இழந்த பல்லுக்கு இம்ப்ளாண்ட்: முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை

கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்தபின், வெளியே தெரியாத இடந்தானே என்று பலர் அதை அப்படியே விட்டுவிடுகின்றனர். ஆனால் பல் இல்லாத இடத்தில் தாடை எலும்பு மெல்லக் கரைகிறது. பக்கத்துப் பற்கள் காலப்போக்கில் இடைவெளியை நோக்கிச் சாயக்கூடும்.

மூன்று வழிகள்

கழற்றி மாட்டும் பல் செட் செலவு குறைந்தது. எனினும் மெல்லும்போது அசையலாம். பிரிட்ஜ் அசையாது, ஆனால் அதைத் தாங்குவதற்காக இருபுறமுள்ள பற்களை அரைத்துச் சிறிதாக்க வேண்டும். இம்ப்ளாண்ட் முறையில், தாடை எலும்பினுள் டைட்டானியம் திருகைப் பதித்து, அதன்மேல் செயற்கைப் பல்லைப் பொருத்துகிறோம். பக்கத்துப் பற்களை அரைக்கத் தேவையில்லை; செலவும் காலமும் கூடுதல்.

டைட்டானியம் எலும்போடு இறுகப் பிணையும் தன்மையை, சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிரோனமார்க் 1950களில் முயல்களிடம் கண்டறிந்தார். 1965-இல் அம்முறையில் மனிதருக்குப் பல் பொருத்தினார். இப்பிணைப்பு உறுதிப்படப் பொதுவாக 3 முதல் 6 மாதங்கள் ஆகும். ஆகவே பெரும்பாலோர் நிலையான பல்லுக்குக் காத்திருக்க வேண்டியுள்ளது.

மறக்காமல் சொல்ல வேண்டியவை

முதுமை மட்டுமே இதற்குத் தடையன்று. உடல்நிலையும் உட்கொள்ளும் மருந்துகளுமே முக்கியம்.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிடில் புண் ஆறுவது தாமதமாகும். கிருமித் தொற்றும் எளிதில் ஏற்படும். எனவே கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை முடிவைக் கேட்கிறோம். புகைபிடிப்போருக்கு இம்ப்ளாண்ட் தோல்வியுறும் வாய்ப்பு அதிகம்.

எலும்பு வலுவிழப்புக்காகவோ, எலும்பில் பரவிய புற்றுநோய்க்காகவோ ஊசி போட்டுக்கொள்வோர் அதை அவசியம் தெரிவிக்க வேண்டும். சோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் போன்ற இம்மருந்துகளால் சிலருக்குத் தாடை எலும்பின் ஒரு பகுதி ஆறாமல் அழுகிவிடலாம். எலும்பு வலுவிழப்புக்கு ஆண்டுக்கு ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ போடும் ஊசி என்பதால், மருந்துப் பட்டியலைச் சொல்லும்போது இது விடுபட்டுப்போகிறது. வீட்டார் நினைவூட்டினால் பேருதவியாக இருக்கும்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்போர், ரத்தம் கசியுமே என அஞ்சி ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. வாயில் கசியும் ரத்தத்தைப் பெரும்பாலும் பஞ்சு வைத்து அழுத்தியும் தையலிட்டும் நிறுத்திவிடலாம். ஸ்டென்ட் அடைபட்டால் உயிருக்கே ஆபத்து. மாத்திரை குறித்த முடிவை இதய மருத்துவரே எடுக்க வேண்டும்.

பொருத்திய பின்

இம்ப்ளாண்டில் சொத்தை விழாது. ஆயினும் அதைச் சுற்றியுள்ள ஈறு அழற்சியுற்றால், தாங்கும் எலும்பு கரைந்துவிடும்; தொடக்கத்தில் வலி இராது. நாள்தோறும் இருவேளைத் துலக்குதலும், இடுக்குகளைச் சுத்தம் செய்தலும், மருத்துவர் குறிக்கும் நாளில் பரிசோதனைக்கு வருதலும் இன்றியமையாதவை.

இம்ப்ளாண்ட் ஏற்றதன்று என்று நாங்கள் கூறினால் மனம் தளர வேண்டாம். நன்கு பொருந்திய பல் செட்டும் உண்ணவும் பேசவும் உதவும். முதல் ஆலோசனைக்கு வரும்போது மருந்துச் சீட்டுகள், ஊசி விவரங்கள் அனைத்தையும் எடுத்துவாருங்கள்.